அழைப்பு அடி

ஆடி மாதம் வந்துவிட்டால் எனக்குச் சாப்பிட நேரம் கிடைக்காது. ஆலந்தாங்கலில் மாவு மிஷின் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். சுற்றி நாலு ஊரில் கூழ் வார்க்கிறவர்கள் எல்லாரும் கேழ்வரகை என்னிடம்தான் கொண்டுவந்து கொட்டுவார்கள். மிஷின் ஓடுகிற இரைச்சலில் கத்திக் கத்திப் பேசிப் பழகியவர்கள், மிஷின் நின்ற பிறகும் அதே குரலில் பேசுவார்கள். ஒரு வீட்டுச் சங்கதி தெரு முழுக்கக் கேட்கும். ஊர் விஷயமெல்லாம் எனக்கு அப்படித் தெரிந்ததுதானே தவிர, நானாகப் போய் யாரிடமும் எதையும் கேட்டதில்லை.

மிஷினுக்கு எதிர் வீடு எல்லப்பனுடையது. ஏரிக்குக் கீழே கொஞ்சம் நிலம். மழை பெய்தால் நெல், இல்லாவிட்டால் வேர்க்கடலை. ஆனால் எல்லப்பன் என்றால் யாருக்கும் நிலம் ஞாபகம் வராது, பம்பைதான் ஞாபகம் வரும். மரத்தில் ஒன்று, பித்தளையில் ஒன்று என்று இரண்டையும் சேர்த்துக் கட்டி இடுப்பில் மாட்டிக்கொண்டு குச்சியால் அடிக்கிற வாத்தியம். அவன் அப்பாவும் அடித்தவர்தான். எங்கள் ஊர் கங்கையம்மனுக்கு ஆடி நாலாவது ஞாயிற்றுக்கிழமை கூழ். அன்றைக்கு ஏரிக்கரைக் கிணற்றருகே கரகம் ஜோடிப்பார்கள். ஜோடித்த கரகத்தை யாரும் சும்மா தூக்கிவிட முடியாது. யார் மேலாவது அம்மன் இறங்கி, ‘எடு’ என்று உத்தரவு சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் கரகம் கோயிலுக்குப் போகும், அதற்குப் பிறகுதான் கூழ். எவ்வளவு பசித்தாலும் அதுவரைக்கும் ஊரில் ஒருத்தன் வாயில் பச்சைத் தண்ணீர் படாது.

அந்த அம்மன் பதினாறு வருஷமாக இறங்கியது எல்லப்பனின் மனைவி அம்சவல்லியின் மேல். கல்யாணமாகி வந்த மறு வருஷமே இறங்கிவிட்டது. ‘புருஷன் கூப்பிட்டால் பெண்டாட்டி வராமல் என்ன செய்வாள்’ என்று ஊரில் கேலி பேசுவார்கள். எல்லப்பனுக்கு அந்தக் கேலி இனிக்கும். அம்மனைக் கூப்பிடுவதற்கென்றே அவனிடம் ஓர் அடி இருந்தது. அதற்கு அழைப்பு அடி என்று பெயர். மெதுவாக மூன்று அடி, அப்புறம் ஒரு நிறுத்தம், அந்த நிறுத்தத்தில் நமக்கு மூச்சு முட்டும். பிறகு இரண்டு பம்பையும் ஒரே சமயத்தில் கொட்டும். நான் பெரிய பக்திமான் கிடையாது. அப்படியும் அந்த இடத்தில் எனக்குக் கை மயிர் எழுந்து நிற்கும்.

“அம்மா காலு அந்த அடியத் தெரிஞ்சி வெச்சிக்கினு கீது அண்ணே. வேற எந்த அடிக்கும் அது பூமியில படாது” என்பான். மிஷின் வாசலில் சாக்கு மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு இதை எத்தனை தடவை சொல்லியிருப்பான் என்பதற்குக் கணக்கே இல்லை.

தசரதன் அம்சவல்லியின் தம்பி. அவர்கள் அம்மா செத்தபோது அவனுக்கு ஏழு வயது. அக்காள் வீட்டுக்கு வந்து சேர்ந்தவனை எல்லப்பன்தான் சோறு போட்டு வளர்த்தான், பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினான், உடுக்கை அடிக்கச் சொல்லிக்கொடுத்தான். மாமன் பம்பை, மச்சான் உடுக்கை என்று பத்து வருஷம் போனது. அப்புறம் மறைமலை நகரில் கம்பெனிகள் வர ஆரம்பித்தன. தசரதன் ஒரு கம்பெனியில் சேர்ந்தான். ஒரகடம் வரைக்கும் சைக்கிள், அங்கிருந்து பஸ். நைட் ஷிப்ட் முடிந்து வருகிறவன் கண் சிவந்து, வெயிலில் தள்ளாடி வருவான். அம்சவல்லி பழைய சோற்றில் மோர் ஊற்றி, சுட்ட கருவாட்டை ஓரத்தில் வைத்துக் காத்திருப்பாள்.

கம்பெனியில் அவனோடு லைனில் நின்ற நாலு பேர் சேர்ந்து ஒரு செட்டு ஆரம்பித்தார்கள். டிரிபிள், பாங்கோஸ் என்று புது மாதிரி மேளங்கள், ஒரு மைக் செட்டு. சினிமாப் பாட்டு மெட்டில் அம்மன் பேரைப் போட்டுப் பாடுவார்கள். பக்கத்து ஊர்களில் இவர்கள் வாசித்தால் கூட்டம் கலையவே கலையாது என்று பேர் வந்தது. தர்மகர்த்தா நடேசனுக்கு ஆசை தொற்றிக்கொண்டது. எங்கள் ஊர் இளவட்டங்கள் கூழைக் குடித்துவிட்டு அடுத்த ஊர்க் கச்சேரிக்கு ஓடிப்போவது அவருக்குப் பெரிய மானப் பிரச்சினை.

இதைப் பற்றி மாமனும் மச்சானும் என் மிஷின் வாசலிலேயே வாதாடினார்கள். எல்லப்பன், அம்மாவைச் சினிமாக்கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போகிறாயா என்று கேட்டான். தசரதன் மரியாதை குறையாமல்தான் பேசினான். ஆனாலும் மடக்கிவிட்டான்.

“உங்கப்பா அம்மன் கத வர்ணிப்பு பாடினா விடிய விடியப் பாடுவாரு. நீ அத ஒரு மணி நேரத்துல முடிச்சிடற. கேட்டா ஜனங்க ஒக்கார மாட்டாங்கோன்ற. அது மாத்தம் இல்லியா மாமா? நீ மாத்தினா மொற, நா மாத்தினா பாவமா?”

“நா தோல வேணா மாத்துவேன், பாட்டக் கொறப்பேன். கூப்பிடற அடிய மாத்தல. ஒன்ன நா பேர் சொல்லிக் கூப்ட்டாத்தான திரும்புவ? வேற எவன் பேரோ சொன்னா திரும்புவியா?”

என்னைக் கேட்டால் இரண்டு பேர் சொன்னதும் சரியாகத்தான் பட்டது. மாவரைக்கிறவனுக்கு எல்லார் வீட்டுத் தானியமும் ஒன்றுதானே என்று நான் வாயைத் திறக்கவில்லை.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஊர்க்கூட்டம். நடேசன் பட்டும் படாமல் ஆரம்பித்தார். இந்த வருஷம் கரகத்துக்கே தசரதன் செட்டு இருக்கட்டும், எல்லப்பன் சாயங்காலம் வர்ணிப்புப் பாடட்டும், நம்ம வீட்டுப் பிள்ளைதானே என்றார். எல்லப்பன் மச்சானைத் திரும்பிப் பார்த்தான். அவன் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். இந்தப் பேச்சு ஒரு வாரத்துக்கு முன்பே முடிந்துவிட்டது, தாம்பூலம்கூட மாற்றிவிட்டார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது, எல்லப்பனைத் தவிர. ஒரே வீட்டில் ஒரே குண்டானில் தின்றுகொண்டிருந்தவன் சொல்லவில்லை. அந்த ஆத்திரத்தில்தான் எல்லப்பன் எழுந்தான்.

“செரி. அவனே அடிக்கட்டும். நா தடுக்கல. ஆனா அந்த அடிக்கு என் வூட்டுக்காரி மேல அம்மா எறங்கிட்டா, அன்னிக்கே இந்தப் பம்பையக் கொண்டுபோயி ஏரியில போட்டுடறேன். அப்பறம் இந்தக் கையால குச்சியத் தொட மாட்டேன். எறங்கலன்னா, எல்லாரும் என் வூட்டு வாசல்ல வந்து நிக்கணும்.”

பெண்கள் பக்கத்தில் அம்சவல்லி உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் அவளைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். அவன் மட்டும் பார்க்கவில்லை. அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை. அவள் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு எழுந்து வீட்டுக்குப் போனாள்.

அந்த இரண்டு வாரமும் ஆடிக் காற்று பேயாக வீசியது. மிஷின் வாசலில் மாவு நிற்காமல் பறந்தது. எல்லப்பன் காலையில் கடலைக்காட்டில் களை வெட்டிவிட்டு வந்து, வாசலில் பம்பையை வெயில் காட்டி, தோலுக்கு வார் இழுத்துக் கட்டினான். அடிக்கப்போகிறவன் மாதிரியே எல்லா ஏற்பாடும் செய்தான். ஊரே வந்து கூப்பிடும்போது தோல் தொங்கிப்போயிருக்கக் கூடாது என்றான். தசரதன் சாப்பாட்டைக் கம்பெனி கேண்டீனோடு வைத்துக்கொண்டான். படுக்கை கூட்டாளி வீட்டில்.

ஒரு மத்தியானம் அம்சவல்லி கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்று பீடி பிடித்துக்கொண்டிருந்தேன். எல்லப்பன் வாரை இழுத்தபடியே, பேச்சோடு பேச்சாகக் கேட்பது போல, கரகம் எடுக்கிற அன்றைக்கு அவளுக்கு எப்படி இருக்கும் என்று கேட்டான். முறம் நிற்கவில்லை.

“எனுக்கு இன்னா தெரியும்? வந்தா வரும்.”

எல்லப்பன் என்னைப் பார்த்துச் சிரித்தான். தன் அடி இல்லாமல் வராது என்பதைத்தான் அவள் அடக்கமாகச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டான். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். இரண்டு ஆண்பிள்ளைகளும் ஒரே மாதிரி முட்டாளாக இருந்தோம்.

நாலாவது ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கே ஊர் கிணற்றங்கரைக்கு வந்துவிட்டது. கோயில் வாசலில் மண்பானைகளில் கூழ் புளித்து, நொய் வெந்து, ஆறிக்கொண்டிருந்தது. முருங்கைக்கீரைப் பொரியல் வாசனை கிணறு வரைக்கும் வந்தது. பசியோடு இருக்கிறவனுக்கு அதைவிடக் கொடுமை இல்லை. பூசாரி குடத்தைச் சுற்றி அரளியும் மல்லியும் வைத்துக் கட்டினார். உச்சியில் வேப்பிலையைச் செருகி எலுமிச்சம்பழம் குத்தினார். மஞ்சள் புடவையில், தலை நனைந்து, அம்சவல்லி முன்னால் நின்றாள். எல்லப்பன் கூட்டத்துக்குப் பின்னால் புளியமரத்தடியில், இடுப்பில் பம்பையோடு நின்றான். மாலை ஒன்றுதான் குறைச்சல்.

தசரதன் மைக்கில் ‘ஹலோ, ஹலோ’ சொன்னான். சில பெண்கள் சிரித்தார்கள். அப்புறம் டிரிபிள் ஆரம்பித்தது. ஊரில் டீக்கடை ரேடியோவில் தினம் கேட்கிற மெட்டு. கைலி கட்டிய பையன்கள் விசில் அடித்தார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே காலில் தாளம் வந்தது. அந்த வெட்கத்தோடு திரும்பி எல்லப்பனைப் பார்த்தேன். அவன் உதட்டோரம் ஒரு சிரிப்பு இருந்தது. அடியுங்கள், நன்றாக அடியுங்கள் என்கிற சிரிப்பு.

ஒரு பாட்டுகூட முடியவில்லை. அம்சவல்லி இடது கையை மேலே தூக்கினாள். கை நடுங்கியது. கொண்டை அவிழ்ந்தது. நாலு பெண்கள் குலவை போட்டார்கள். ஆவேசம் வந்து அவள் சுற்றிய சுற்றில் பிடிக்க வந்த இரண்டு ஆட்கள் தள்ளிப்போய் விழுந்தார்கள். “எடு” என்றாள். பதினாறு வருஷமாகக் கேட்ட அதே குரல். பூசாரி கரகத்தைத் தலையில் வைத்தார். தசரதன் அழுதுகொண்டே டிரிபிளை அடித்தான். அவன் பொய்யாக அழவில்லை.

நான் எல்லப்பன் பக்கம் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. அவனே கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து அவள் எதிரில் நின்றான்.

“அம்மா, ஒன்னக் கூப்ட்டது யாரும்மா?” என்றான். அந்தக் குரல் கேட்டுத் தசரதன் அடிப்பதை நிறுத்திவிட்டான்.

அவள் கண்ணைத் திறக்காமலே பதில் வந்தது. “கூப்ட்டாத்தான் வருவேனாடா?”

ஊர் கன்னத்தில் போட்டுக்கொண்டது. கரகம் நகர்ந்தது. அவனைத் தாண்டித்தான் எல்லாரும் போனார்கள்.

யாரும் அவனைச் சபதத்தை நிறைவேற்றச் சொல்லவில்லை. நடேசன்கூட, கோபத்தில் சொன்னதை விடு, வந்து கூழைக் குடி என்றார். அவன் கேட்காமல் கரையேறி ஏரிக்குள் இறங்கினான். ஆடியில் எங்கள் ஏரியில் தண்ணீர் ஏது? வெடித்துக் கிடந்த களிமண்தான். சபதம் போட்ட ஆத்திரத்தில் அது அவனுக்குத் தோன்றவில்லை. போட்டால் மூழ்குவதற்கு ஒரு சொம்புத் தண்ணீர் கிடையாது. நடு ஏரி வரைக்கும் நடந்துபோய், பம்பையை அவிழ்த்து மண் மேல் வைத்துவிட்டுத் திரும்பி வந்தான். கரை மேல் போகிற வருகிற எல்லாருக்கும் அது தெரிந்தது. ஆடுகள் போய் முகர்ந்து பார்த்தன. சபதத்துப் பொருள் என்று யாரும் தொடவில்லை. பித்தளைப் பம்பை வெயிலில் மின்னுவது என் மிஷின் வாசலுக்கே தெரியும்.

நாலு நாள் வீட்டில் பேச்சில்லை. அம்சவல்லி சோறு வைப்பாள், அவன் தின்பான். பகலெல்லாம் என் சாக்கு மூட்டை மேல்தான் உட்கார்ந்திருந்தான். ஐந்தாம் நாள் அவள் பச்சரிசி அரைக்க வந்தாள். பெல்ட் நழுவுகிறதென்று நான் மிஷினை நிறுத்தியிருந்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

“அவனுங்க அடிச்ச அடியில இன்னா இருந்திச்சி?”

“எனுக்கு எப்டித் தெரியும்?”

“அப்போ என் அடியில இன்னா இருந்திச்சி? அதச் சொல்லு.”

அவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். என்னை ஒரு தடவை பார்த்தாள். நான் போய்விடுவேன் என்று நினைத்திருப்பாள். பெல்ட்டில் கை மாட்டியிருந்தது, போக முடியவில்லை.

“கரகத்துல வேப்பல சொருவுவாங்க பாரு, அந்த வாசன மூக்குல ஏறின ஒடனே எனுக்குக் காது அடச்சிக்கும். அதுக்கப்பறம் ஒன்னும் கேக்காது. கொலவையும் கேக்காது, பம்பையும் கேக்காது. மொத வருசத்துலேர்ந்து அப்டித்தான்.”

“ஒரு வருசங்கூடவா?”

“ஒரு வருசங்கூட ஒன் பம்பைய நா அந்த எடத்துல கேட்டது இல்ல.”

இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று எல்லப்பன் கேட்டான். அவன் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

“நீ எங்க கேட்ட? நா கூப்ட்டா வருவான்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்த. சந்தோசமாச் சொல்லிக்கிறியேன்னு வுட்டுட்டேன். அன்னிக்கு ஊர் நடுவுல நின்னுகினு என் ஒடம்ப வெச்சி சபதம் போட்டியே, என்ன ஒரு வார்த்த கேட்டியா? தசரதன் சொல்லாம மறச்சிட்டான்னு ஒனுக்கு வயிறு எரிஞ்சிது. நீ மட்டும் என்னக் கேட்டா செஞ்ச?”

அரிசியை அரைக்காமலே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இந்தப் பேச்சை நான் யாரிடமும் சொல்லவில்லை. என் வாயிலிருந்து வெளியே போகாத ஊர்ச்சங்கதி அது ஒன்றுதான்.

ஆவணியிலும் கூழ் வார்க்கிற ஊர்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. முதல் ஞாயிற்றுக்கிழமை இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஓர் ஊரில் தசரதன் செட்டைக் கரகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மறுநாள் ஷிப்டுக்குப் போகாமல் என் மிஷினுக்கு வந்தான். தலையில், ஏரியிலிருந்து எடுத்துவந்த மண் ஒட்டிய பம்பை. அதைத் துண்டால் துடைத்து எல்லப்பன் முன்னால் வைத்தான். கரண்ட் இல்லாத நேரம். அரைக்க வந்த ஏழெட்டுப் பேர் காத்து உட்கார்ந்திருந்தார்கள். மாவு வாங்க வந்த அம்சவல்லியும் கதவோரம் நின்றாள்.

அந்த ஊரில் காலை எட்டு மணியிலிருந்து மத்தியானம் இரண்டு மணி வரைக்கும் அடித்திருக்கிறார்கள். ஒருத்தர் மேலும் அம்மன் வரவில்லை. பிள்ளைகள் பசியில் அழுதிருக்கின்றன. கடைசியில் ஊர்க்காரர்கள் மைக்கைப் பிடுங்கிவிட்டு, மாட்டு வண்டி அனுப்பி எங்கிருந்தோ ஒரு கிழட்டுப் பம்பைக்காரரைக் கூட்டிவந்தார்களாம். அவர் குச்சியை எடுத்துப் பத்து அடி அடித்ததும் ஒரு பொம்பளை ஆடிவிட்டாளாம். இதையெல்லாம் தசரதன் மறைக்காமல் சொன்னான்.

“நீ சொன்னதுதான் மாமா நெசம். கூப்பிடற அடின்னு ஒன்னு கீது. நம்ம ஊர்ல அக்கா இருந்ததால ஏதோ நடந்துட்ச்சி. நா ஒனுக்குப் பண்ணது தப்பு. கால்ல வேணா வுழறேன். அழைப்பு அடிய எனுக்குச் சொல்லிக் குடு. அடுத்த ஞாயித்துக்கெழம இன்னொரு ஊரு ஒத்துக்கினு கீறேன்.”

அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாருக்கும் முகம் மலர்ந்தது. எல்லப்பன் ஜெயித்துவிட்டான். ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஊர் பழையபடி அவன் வாசலில் வந்து நிற்கும். அவன் பம்பையைப் பார்த்தான். தோல் வெயிலில் வெடித்திருந்தது. அந்த வெடிப்பை விரலால் தடவினான்.

“அதுல ஒன்னும் இல்லடா. நானும் இருக்குதுன்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன். இல்ல. எந்த அடிய வேணா அடி, வந்தா வரும்.”

தசரதன் முதலில் சிரித்தான். மாமன் கொஞ்சம் பிகு பண்ணுகிறான் என்று நினைத்திருப்பான். மறுபடியும் கெஞ்சினான். எல்லப்பன் மறுபடியும் அதையே சொன்னான். தசரதனின் முகம் மாறியது.

“சொல்லிக் குடுக்க மனசு இல்லன்னா இல்லன்னு சொல்லிடு. ஒன்னும் இல்லாததுக்கா இத்தினி வருசம் பேசின? பத்து வருசம் ஒன் பக்கத்துல ஒடுக்க அடிச்சவன் நானு, என் கிட்டியே மறைக்கிறியே. சோறு போட்ட கை துரோகம் பண்ணாதுன்னு நம்பி வந்தேன்.”

துரோகம் என்ற வார்த்தை கேட்டு எல்லப்பன் எழுந்துவிட்டான். யார் யாரைச் சொல்வது என்று எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. உட்கார்ந்திருந்தவர்கள், சின்னப் பையனிடம் எதற்கு வஞ்சம், சொல்லிக்கொடுத்துவிட்டுப் போயேன் என்று ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள்.

“நானா சொல்லலடா. ஒங்க அக்காவே சொன்னா. இதே எடத்துலதான் சொன்னா. அண்ணனும் இருந்தாரு” என்றான் எல்லப்பன்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்கத்தான் வேண்டும். அவன் பெண்டாட்டி பக்கத்தில் நிற்கும்போது அவள் விஷயத்தை நான் எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு, சல்லடையைத் தட்டிக்கொண்டிருந்தேன். உள்ளதைச் சொன்னால், எனக்கும் அவள் சொன்னதில் நம்பிக்கை வரவில்லை. அந்த நிறுத்தத்தில் என் கை மயிர் எழுந்து நின்றது பொய்யா?

“நீயே சொல்லுக்கா. நீ சொன்னியா?” என்றான் தசரதன்.

“சொல்லுடி. அன்னிக்குச் சொன்னத இவுங்க எல்லார் முன்னாலயும் அப்டியே சொல்லு” என்றான் எல்லப்பன்.

கரண்ட் இல்லாததால் அங்கே ஒரு சத்தமும் இல்லை. அம்சவல்லி தம்பியைப் பார்த்தாள், வெடித்துப்போன பம்பையைப் பார்த்தாள், கடைசியாகப் புருஷனைப் பார்த்தாள். முந்தானையைச் சுருட்டித் தலைக்குச் சும்மாடு வைத்துக்கொண்டாள்.

“எனுக்கு இன்னா தெரியும்? வந்தா வரும்” என்று சொல்லிவிட்டு, மாவுப் பாத்திரத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.